குதிரைகள் பார்த்த திசை

என் கிளினிக்கில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கும் ஆள்கூட, நான் பஞ்சை எடுத்த மறு விநாடி கேட்பது ஒரே கேள்விதான்: "ஏனுங்க டாக்டரம்மா, மறு ஆட்டத்துல நம்ம சார் ஜெயிச்சுருவாருங்களா?" பல்வலியெல்லாம் எங்கே போகுமோ! "முதல்ல கொப்பளிச்சுத் துப்புங்க, அப்புறம் செஸ் பேசலாம்" என்பேன். கோயம்புத்தூர் முழுக்க அந்த வருடம் இதே பேச்சு. உலக சாம்பியன் நாச்சிமுத்து ஒரு மெஷினிடம் தோற்றுவிட்டார், அதே மெஷினோடு மறுபடியும் மோதப் போகிறார். நான் அவர் மனைவி கோகிலவாணி. அதனால் ஜாதகம் முழுக்க என் கையில் இருக்கிறது என்று ஊர் நினைத்துக்கொண்டது.

எனக்குத் தெரிந்த நாச்சிமுத்து வேறு ஆள். பலகைக்கு முன்னால் புலி. பலகையை மடக்கி வைத்தால் வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்று தெரியாது. ரசத்துக்கு உப்புப் போட்டோமா என்ற சந்தேகத்தில் மறுபடியும் போடுவார். ஒருமுறை என்னைச் சென்னைக்கு ரயிலேற்றிவிட வந்தவர், பெட்டியை மேலே வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே வந்து, திருப்பூர் தாண்டிய பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடக் கெரகமே! நான் எதுக்கு வர்றேன்?" பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. இன்று அதை நினைத்தால் அழுகை வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு ஆனதும் எனக்கும் அவருக்கும் ஒரு ஆட்டம் நடக்கும். எனக்குச் சலுகையாக, தன் இடது மூலை யானையை எடுத்து ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். கடிகாரம் கிடையாது. தன் குதிரைகள் இரண்டையும் தன் முகத்தைப் பார்க்கும்படி திருப்பி வைப்பார். "என்னையப் பார்த்துட்டு இருந்தாத்தான் சொன்ன பேச்சுக் கேக்கும்" என்பார். நான் முதல் சிப்பாயை நகர்த்தியதும், அது எந்தச் சிப்பாயாக இருந்தாலும், ஒரு கேள்வி நிச்சயம்: "ரோசன பண்ணித்தான் வெச்சயா, கோகி?" கல்யாணமான நாளிலிருந்து இதே கேள்வி. ஒவ்வொரு முறையும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

யானை இல்லாமலும் பெரும்பாலும் அவர்தான் ஜெயிப்பார். எப்போதாவது, சின்னப்பிள்ளைகூடப் பார்த்துவிடக்கூடிய இடத்தில் மிச்சமிருக்கிற யானையைக் கொண்டுவந்து என் வாயில் கொடுப்பார். வேண்டுமென்றே கொடுத்தாரா என்று கேட்டால் கோபம் வரும். "சத்தியமா தப்புத்தான் கோகி. உங்கிட்ட உக்காந்தா மூளை செருப்பக் கழட்டி விட்டுருது" என்பார்.

அந்த மெஷினுக்கு 'வியூகம்' என்று பெயர். முதல் போட்டியின் கடைசி ஆட்டத்தில் அது நகர்த்திய ஒரு காய் இவருக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. "அது மெஷின் வெச்ச காய் இல்ல கோகி. ஆட்டத்துக்கு நடுவுல எவனோ உள்ள கை வெச்சிருக்கறான்" என்றார். ஒருவரும் நம்பவில்லை. தோற்றவன் புலம்பல் என்றார்கள். மறு ஆட்டத்துக்கு ஒப்பந்தம் போடும்போது பிடிவாதமாக ஒரு விதியைச் சேர்த்தார்: மேடையில் ஓர் ஆட்டம் தொடங்கிவிட்டால், அது எந்த ஆட்டமானாலும், முடியும்வரை கம்பெனி ஆட்கள் எவரும் மெஷினை நிறுத்தவோ மாற்றவோ கூடாது. கம்பெனி வக்கீல்கள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். நானும்தான் சிரித்தேன்.

ஒப்பந்தம் முடிந்த கையோடு இம்தியாஸ் வீட்டுக்கு வந்தார். ஆம்பூர்க்காரர், வியூகத்தை உருவாக்கிய இன்ஜினியர்களில் ஒருவர். மேடையில் அந்த மெஷினுக்காக எதிரே உட்கார்ந்து காய் நகர்த்துபவரும் அவர்தான். பையிலிருந்து ஒரு கறுப்புப் பட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். நெற்றியில் கட்டிக்கொள்வது.

"இதைக் கட்டிக்கிட்டு சார் பயிற்சி எடுத்தா, வியூகத்தை ஜெயிச்சுடலாம் மேடம்."

"ஏன் தம்பி, உங்க மெஷினைத் தோக்கடிக்க நீங்களே மருந்து குடுப்பீங்களா?"

அவர் கூச்சப்பட்டார். "வியூகம் வெறும் விளம்பரம் மேடம். கம்பெனி விக்கப்போறது பட்டையைத்தான். மனுஷன் ஜெயிச்சாத்தானே பட்டை விக்கும்? ஸ்கூல் பசங்க, ஆபரேஷன் பண்ற டாக்டருங்க, கோர்ட்டு, எல்லாத்துக்கும்."

"இது என்ன பண்ணும்?"

"ஒருத்தர் தப்பு பண்ணப்போற நிமிஷத்துல மூளையில ஒரு தடம் ஓடும். பட்டை அதைக் கண்டுபிடிச்சு லேசா அமுக்கிடும். அடுத்த தடவை அந்தத் தடம் மங்கலாகும். அப்புறம் இருக்கவே இருக்காது."

"பிடுங்கிருவீங்க."

"அப்படியும் சொல்லலாம்."

பல் பிடுங்குகிறவளுக்கு அடுத்த கேள்வி தானாக வரும். எங்கள் தொழிலில் பிடுங்கின பல்லைக் குப்பையில் போடுவதில்லை. கழுவி, பாட்டிலில் போட்டுக் கல்லூரிக்கு அனுப்புவோம். பிள்ளைகள் அதை வைத்துத்தான் படிக்கும். "பிடுங்கினதை என்ன பண்றீங்க?" என்றேன்.

"வியூகத்துக்குள்ள போட்டுடறோம். மனுஷத் தப்புன்னா எப்படி இருக்கும்னு அதுவும் தெரிஞ்சுக்கணுமில்ல? சாரோட தப்பு, தப்புக்கு முன்னால என்ன நினைச்சார், பின்னால என்ன சொன்னார், எல்லாம் அங்க சேர்ந்துக்கிட்டே இருக்கும்."

நாச்சிமுத்து பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். "இனி உன்னை ரயிலேத்தி உட்டுப்போட்டு நேரா ஊட்டுக்கு வந்துருவேன் கோகி" என்று சிரித்தார்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. சொல்வதற்கென்ன, சந்தோஷமாகவே இருந்தது. சாவி ஆணியில் தொங்கியது. ரசம் சரியான உப்பில் இருந்தது. கேஸ் தீர்வதற்கு முன்பே பதிவு செய்தார். "மருமகன் திருந்திட்டாரு" என்று என் அம்மா போனில் பூரித்துப்போனாள்.

பிறகு ஒருநாள் "சாயங்காலம்" என்று ஆரம்பித்தேன். "ஆறரைக்குப் போகலாம், மாத்திரை வாங்க வேண்டும்" என்றார். நான் கேட்கவிருந்ததும் அதுதான். மூச்சை உள்ளே இழுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அதன்பின் என் பேச்சு எதுவும் முடியவில்லை. பாதியில் பதில் வரும், சரியாக இருக்கும். பேச்சும் மாறிப்போயிற்று. 'ரோசன' போய் 'யோசனை' வந்தது, 'ஊடு' போய் 'வீடு' வந்தது, 'கோகி' போய் 'கோகிலவாணி' வந்தாள். செய்தி வாசிக்கிற ஆளோடு குடித்தனம் நடத்துவது மாதிரி இருந்தது.

அந்த வாரமே கிளினிக்குக்கு ஒரு தாய் தன் மகளைக் கூட்டி வந்தாள். பள்ளியில் சோதனைக்காகக் கொடுத்த பட்டை அந்தப் பெண்ணின் நெற்றியில் இருந்தது. ஊசியைப் பார்த்தால் ஊரைக் கூட்டுகிற வயசு. அது அழவில்லை. நான் சொல்லும் முன் வாயைத் திறந்தது, சொல்லும் முன் மூடியது. "பாருங்க டாக்டர், எவ்வளவு சமத்தா ஆயிட்டா" என்று தாய் பூரித்தாள். அவர்கள் போன பிறகு கொஞ்ச நேரம் அடுத்த நோயாளியைக் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பலகையை விரித்தேன். அவர் காய்களை அடுக்கினார். யானையை எடுக்கவில்லை. குதிரைகள் இரண்டும் நேராக என்னைப் பார்த்து நின்றன. இத்தனை வருடங்களில் அவருடைய குதிரைகளின் முகத்தை நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் சிப்பாயை நகர்த்தினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. காபி ஆறுவதற்குள் என் ராஜா மாட்டிக்கொண்டார்.

"இனி இது வேண்டாம் கோகிலவாணி. உனக்கும் பயனில்லை, எனக்கும் பயனில்லை" என்று சொல்லிவிட்டுக் காய்களைப் பெட்டியில் போட்டார்.

பல் பிடுங்கின இடத்தை நாக்கு தேடிக்கொண்டே இருக்கும். வேண்டாம் என்றாலும் கேட்காது. எனக்கு அன்றிலிருந்து அந்த நிலைமைதான். ரசத்தில் நானே ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டேன், திட்டட்டும் என்று. ஒரு வாய் வைத்தார். எழுந்துபோய், எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டுமோ அவ்வளவு சேர்த்துச் சாப்பிட்டார். அவ்வளவுதான். திட்டுங்கய்யா என்று கத்த வேண்டும் போலிருந்தது.

போட்டிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது இம்தியாஸ் போன் செய்தார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"மேடம், சார் வீட்ல 'கெரகம்'னு ஏதாவது சொல்வாரா?"

"ஏன் தம்பி?"

"வியூகம் ஒவ்வொரு காய்க்கும் ஏன் வெச்சேன்னு ஒரு வரி திரையில எழுதும். நேத்து சோதனை ஆட்டத்துல ஒரு யானையைச் சும்மா தூக்கிக் குடுத்துச்சு. குடுத்துட்டு 'அடக் கெரகமே'ன்னு எழுதுது. நாங்க யாரும் சொல்லிக்குடுக்கல மேடம். இன்னொண்ணும் இருக்கு. காய் வெக்கச் சொல்றதுக்கு முன்னால, குதிரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்லுது. அதுக்குப் பக்கமே கிடையாது மேடம். அது எந்தப் பக்கத்தைச் சொல்லுதுன்னு எங்களுக்கே புரியல."

"வேற என்ன எழுதுது?"

"ஈரோடு வந்துருச்சான்னு கேக்குது."

சென்னையில் போட்டி. எல்லா ஆட்டங்களும் சமனாகிக்கொண்டே போயின. கடைசி ஆட்டம் மட்டும் பாக்கி. முந்தின நாள் மத்தியானம் ஹோட்டல் வரவேற்பறையில் இம்தியாஸைப் பிடித்தேன்.

"நாளைக்கு வியூகம் தோத்தா அதை என்ன பண்ணுவீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "அழிச்சுடச் சொல்லிட்டாங்க மேடம். மேடையிலயே, எல்லார் முன்னாலயும். விளம்பரத்துக்கு. அதுக்கப்புறம் பட்டை விற்பனைக்கு வருது."

"அதுக்குள்ள இருக்கறது?"

"அதுவும் போயிடும்."

"இவர் மண்டைக்குள்ள திரும்பப் போட முடியாதா?"

"பிடுங்கின பல்லைத் திரும்ப வெப்பீங்களா மேடம்?" என்றார். அன்று நான் சொன்ன 'பிடுங்கிருவீங்க' எனக்கே திரும்பி வந்தது.

அறைக்குப் போனேன். அவர் ஜன்னலோரம் நேராக உட்கார்ந்திருந்தார். கையில் புத்தகம் இல்லை, போன் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். பட்டை எப்போதோ தேவையற்றுப் போய், மேசைமேல் கிடந்தது.

"ஏனுங்க, நாளைக்கு ட்ரா பண்ணிப்போடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"காரணம்?"

"நீங்க ஜெயிச்சா அதை அழிச்சுருவாங்க. அதுக்குள்ளதான் நீங்க இருக்கறீங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, இரக்கமும் இல்லை. "நான் இங்கே இருக்கிறேன். எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது; நம் கல்யாணத் தேதி, உன் செருப்பு அளவு, எல்லாம். அதில் இருப்பது என் தவறுகள் மட்டும்தான். தவறுக்காக யாராவது அழுவார்களா, கோகிலவாணி?"

நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்தபோது, முகம் துடைக்கத் துண்டை நீட்டியபடி கதவருகே நின்றார். எப்போது வெளியே வருவேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் அரங்கத்தில் இடமில்லை. முன்வரிசையில் என்னை உட்காரவைத்தார்கள். பின்னால் எத்தனையோ பிள்ளைகள், நெற்றியில் பட்டையோடு. இருமல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஒரு பக்கம் நாச்சிமுத்து, எதிரே மெஷினின் கையாக இம்தியாஸ். மேலே பெரிய திரை.

ஆட்டம் தொடங்கும் முன் திரையில் ஒரு வரி வந்தது: 'குதிரைகளை என் பக்கம் திருப்பவும்.' இம்தியாஸ் நடுவரைப் பார்த்தார். தன் காயைச் சரிசெய்ய யாருக்கும் உரிமை உண்டு என்று அந்த அம்மாள் தலையசைத்தார். இம்தியாஸ் குதிரைகளைத் திருப்பினார். அரங்கம் சிரித்தது. என் கணவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வியூகம் நன்றாக ஆடியது. நன்றாக என்றால், கிறுக்குத்தனமாக, அழகாக. ஒரு காலத்தில் அவர் ஆடின மாதிரி. ஒரு கட்டத்தில் மெஷின் ஜெயித்துவிடும் என்று வர்ணனை சொன்னவர் கத்தினார். நான் சேலைத் தலைப்பை முறுக்கிப் பிடித்தபடி ஜெயிச்சுரு, ஜெயிச்சுரு என்று முணுமுணுத்தேன். சொந்தப் புருஷன் தோற்க வேண்டிக்கொண்ட பாவி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடுத்த நகர்த்தலில் அது யானையைக் கொண்டுவந்து எதிரியின் வாயில் கொடுத்தது. சின்னப்பிள்ளைகூடப் பார்த்துவிடக்கூடிய இடம்.

திரையில் வரி வந்தது: 'அடக் கெரகமே!'

அரங்கம் அதிரச் சிரித்தது. நாச்சிமுத்து யானையை எடுத்து ஓரமாக வைத்தார். அதன் பிறகு எல்லாம் மளமளவென்று முடிந்தது. வியூகம் தோல்வியை ஒப்புக்கொண்டது. கைதட்டல், பூச்செண்டு, கேமரா. அவரைப் பத்திரிகைக்காரர்கள் மேடையின் மறு ஓரத்துக்குக் கூட்டிப் போனார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம், கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இம்தியாஸ் மட்டும் மேசையில் உட்கார்ந்திருந்தார். கம்பெனி மேலதிகாரி தூரத்திலிருந்து, முடித்துவிடு என்று கையைக் காட்டினார். இம்தியாஸின் விரல் விசைப்பலகைக்குப் போயிற்று. அப்போது திரையில் எழுத்து வந்தது.

'காய்களை மறுபடி அடுக்கவும். குதிரைகள் என் பக்கம். இடது யானையை எடுத்துவிடவும். கடிகாரம் வேண்டாம்.'

"உளற ஆரம்பிச்சுடுச்சு மேடம்" என்றார் இம்தியாஸ், மேடைக்குக் கீழே வந்து நின்ற என்னிடம். கண் கலங்கியிருந்தது. "மறு ஆட்டம் கேக்குது. யானை இல்லாம சாம்பியனோட எப்படி ஆடும்?"

"சாம்பியனைக் கூப்பிடல தம்பி."

செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறினேன். நாச்சிமுத்து எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்தேன். காய்களை நானே அடுக்கினேன். எடுத்த யானையை வைக்க ஊறுகாய் ஜாடி இல்லை. தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். நடுவர் பதறி ஓடிவந்தார்.

"அம்மா, என்ன செய்யறீங்க? இது போட்டி மேடை."

"அதனாலதானுங்க வந்தேன். விதியை எடுத்துப் படிங்க. மேடையில எந்த ஆட்டமானாலும், தொடங்கிருச்சுன்னா முடியறவரைக்கும் மெஷினை நிறுத்தக் கூடாது. எம் புருஷன் எழுதுன விதி. புத்தி கெட்டுப்போய்ச் சந்தேகத்துல எழுதுனது."

நடுவர் இம்தியாஸைப் பார்த்தார். மேலதிகாரி மேடையை நோக்கி வேகமாக வந்துகொண்டிருந்தார். இம்தியாஸ் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அப்படித்தாங்க விதி" என்றார். "தொடங்கிட்டா நான் தொடக் கூடாது."

ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை எடுத்து வைத்தேன்.

"கோகிலவாணி." வெற்றிக் கோப்பையோடு என் கணவர் மேசையருகே நின்றார். "கார் வந்துவிட்டது."

"நீங்க போங்க."

"எவ்வளவு நேரமாகும்?"

"கடிகாரம் வெக்காத ஆட்டமுங்க. சொல்ல முடியாது."

பலகையை ஒரு பார்வை பார்த்தார். "உன்னால் ஜெயிக்க முடியாது."

"தெரியுமுங்க. முடிக்கவும் மாட்டேன்."

அவர் நகரவில்லை. முதுகைக் காட்டி நின்ற அந்த இரண்டு குதிரைகளையும் பார்த்தார். வலது கை சட்டைப்பைக்குப் போயிற்று, சாவியைத் தேடுகிற மாதிரி. சாவி அங்கேயே இருந்தது. கையை எடுத்துக்கொண்டு, நேராக நடந்து படியிறங்கிப் போனார். எனக்கு அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

திரை வெகுநேரம் காலியாக இருந்தது. அரங்கத்தில் ஒவ்வொரு வரிசையாக விளக்கை அணைத்துக்கொண்டு வந்தார்கள். பட்டை கட்டிய பிள்ளைகள் சத்தமில்லாமல் வரிசையில் வெளியேறினார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

பிறகு எழுத்து வந்தது.

'ரோசன பண்ணித்தான் வெச்சயா, கோகி?'